ஃபேஸ்புக் கூக்குரல்களுக்குக் கணக்கெழுதிய நாட்கள்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. பகல் 12:50 மணிக்கு ரங்கூனில் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அனோரதா சாலைக்குப் பின்னால் எங்கள் வீடு. பழைய ஆட்கள் இன்னும் பிரேசர் தெரு என்றுதான் சொல்வார்கள். திடீரென்று தலை சுற்றியது. பிரஷர்தான் என்று நினைத்து மேஜையைப் பிடித்தேன். மேஜையும் ஆடியது. நிலநடுக்கம். மொட்டைமாடித் தொட்டியில் இருந்த தண்ணீர் அலையடித்து வழிந்து, மழை போல ஜன்னலுக்கு வெளியே கொட்டியது.

அதிகம் அடிவாங்கிய மாண்டலே எங்களுக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே என் நாத்தனார் குடும்பம் இருக்கிறது. ஃபோன் போகவில்லை. இந்த ஊரில் ஃபோன் போகவில்லை என்றால் அடுத்தது ஃபேஸ்புக். 2021 பிப்ரவரியிலிருந்து அது தடை செய்யப்பட்டிருந்தாலும், இங்கே இணையம் என்றால் அதுதான். விபிஎன் போட்டுக்கொண்டு எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள். திறந்ததும் மாண்டலேக்குப் பக்கத்து ஆவா பாலம் ஐராவதி ஆற்றில் விழுந்து கிடக்கும் படம். அதற்குக் கீழே பத்து, நூறு, ஆயிரம் என்று பதிவுகள். இன்ன தெருவில் வீடு விழுந்துவிட்டது, உள்ளே குரல் கேட்கிறது, யாராவது வாருங்கள்.

நாத்தனார் குடும்பம் தெருவில் பாய் விரித்துப் பத்திரமாக இருக்கிறது என்று சாயங்காலம் தெரிந்தது. என் அண்ணன் மகன் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அன்று ராத்திரி வந்து, "அத்தை, எல்லாரும் ஷேர் மட்டும் பண்றாங்க. யாரும் எழுதி வைக்கல" என்றான். நான் இருபது வருடமாக எழுதி வைப்பதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சரி, உட்காருவோம் என்று ஒரு கூகுள் ஷீட்டைத் திறந்தோம். அப்படி ஆரம்பித்ததுதான். அடுத்த மூன்று வாரம் எங்கள் முன்னறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் வரும் மின்சாரத்தில் பவர்பேங்குகளை நிரப்பிக்கொண்டு, பதிவுகளைப் படித்து, வரிசைப்படுத்தி, மாண்டலேயில் இருந்த மீட்புக் குழுக்களுக்கு அனுப்பினோம். இங்கே தொண்டுக் குழுக்களைப் பாலிச் சொல்லால் பரஹித என்பார்கள். அப்படி இரண்டு பரஹிதக் குழுக்களோடு எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது.

அதில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். இனி ஒரு வெள்ளமோ புயலோ வந்தால், எங்கே இருக்கும் தமிழர்களானாலும், இதில் ஒன்றிரண்டு உதவும்.

முதலில் தேடல். பர்மிய எழுத்துக்கு நீண்ட காலம் ஸாஜி என்ற எழுத்துருதான் பழக்கத்தில் இருந்தது. நம் ஊரில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் தேடினால் கிடைக்காதில்லையா, அதே கதை. 2019 அக்டோபர் 1 முதல் நாடு யூனிகோடுக்கு மாறியது. ஆனாலும் பழைய ஃபோன் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் ஸாஜியில் எழுதுகிறார்கள். இடிபாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உதவி கேட்டவர்களில் அப்படிப்பட்ட பெரியவர்கள் நிறையப் பேர். யூனிகோடில் தேடியவர்கள் கண்ணில் அவர்கள் படவேயில்லை. மாற்றிக்கொடுக்கும் இலவசக் கருவிகள் உண்டு. ஒவ்வொரு தேடு சொல்லையும் இரண்டு விதமாகவும், ஆங்கில எழுத்தில் மூன்றாவது விதமாகவும் போட்டுத் தேட வேண்டியிருந்தது.

இதைவிட என்னைத் திணறடித்தது ஒரு வட்டம். பர்மிய எழுத்தில் 'வ' ஒரு முழு வட்டம். பர்மிய எண்ணில் சுழியமும் ஒரு முழு வட்டம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. இங்கே கைப்பேசி எண் எல்லாமே சுழியத்தில்தான் தொடங்கும். அவசரத்தில் சிலர் சுழியத்துக்குப் பதில் 'வ'வைத் தட்டிவிடுகிறார்கள். ஒரே ஆளின் ஒரே எண் எங்கள் ஷீட்டில் ஆறு வரிகளில் ஆறு பேராக நின்றது. அண்ணன் மகன் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எல்லா எண்களையும் சாதாரண இலக்கத்துக்கு மாற்றினான். மாற்றி முடித்து எண்ணின்படி அடுக்கியதும் ஷீட் பாதியாகச் சுருங்கியது. பெயரையோ முகவரியையோ வைத்து ஒன்றுசேர்க்கப் பார்க்காதீர்கள். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். ஃபோன் எண்தான் சாவி.

முகவரி விஷயத்தில் மாண்டலே எங்களுக்குக் கை கொடுத்தது. அந்த ஊர் கட்டம் போட்டுக் கட்டியது. கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களுக்கு 49 வரை எண். வடக்கு தெற்காக ஓடுபவற்றுக்கு 50க்கு மேல். "30ஆம் தெரு, 77க்கும் 78க்கும் நடுவில்" என்று ஒருவர் எழுதினால் வரைபடத்தில் விரலை வைத்துவிடலாம். எண்களை முன்பின்னாக எழுதியிருந்தாலும் எது எந்தத் திசை என்று தெரிந்துவிடும். ரங்கூன் பிள்ளைகளுக்கு இந்தச் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு பதிவுக்கு ஐந்து நிமிடம் ஆன வேலை அரை நிமிடமானது. உங்கள் ஊரில் முகவரி எப்படி எழுதுகிறார்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு இப்போதே எழுதி வையுங்கள். வெளியூரிலிருந்து உதவ வருபவருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

நேரமும் இப்படித்தான். பதிவின் ஸ்கிரீன்ஷாட்டில் தெரிவது படமெடுத்தவரின் ஊர் நேரம். சிங்கப்பூர் எங்களுக்கு ஒன்றரை மணி முன்னால், தாய்லாந்து அரை மணி முன்னால், இந்தியா ஒரு மணி பின்னால். "இன்று காலை 9 மணி" என்று வந்த படம் எந்த ஊர் ஒன்பது மணி, ஏன், எந்த நாள் காலை என்பதே தெரியாது. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், பதிவின் இணைப்பை அனுப்புங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சினோம்.

படிக்கும் வேலையை வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்தது நல்ல முடிவு. 2010 ஹெய்தி நிலநடுக்கத்தின்போது 4636 என்ற குறுந்தகவல் எண்ணுக்கு வந்த கிரியோல் மொழிச் செய்திகளை வெளிநாடுகளில் இருந்த ஹெய்தியர்கள்தான் மொழிபெயர்த்தார்கள். எங்களுக்கு அந்த யோசனை புத்தகத்திலிருந்து வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் மாணவிக்கு விபிஎன் வேண்டாம், கரண்ட் போகாது, பர்மிய மொழியும் தெரியும். அதனால் வந்தது. படிப்பவர் வெளியே, அழைப்பவர் உள்ளே. பொது ஃபேஸ்புக் பதிவுகளை மொத்தமாகத் தேடித் தந்த கிரௌட்டேங்கிள் என்ற கருவியை 2024 ஆகஸ்டிலேயே ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா மூடிவிட்டது. ஆகவே கண்தான் கருவி.

இனி எங்கள் தவறு.

இரண்டாம் நாள் இரவு ஷீட்டைப் பொதுவில் திறந்துவிட்டோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எண் உட்பட. நாலு பேர் பார்த்தால் நாலு பேர் உதவுவார்கள் என்ற எண்ணம். மூன்று குழுக்களில் இணைப்பைப் போட்டோம். அதில் ஒரு வரி: மூன்று மாடி வீடு, உள்ளே ஒரு பெண், வெளியே அண்ணன் நிற்கிறார், அவர் எண். திங்கட்கிழமை சாயங்காலம் வேறு ஓர் எண்ணிலிருந்து எனக்கு ஃபோன் வந்தது. அவர்தான். குரல் உயரவில்லை.

"சயாமா (டீச்சரம்மா), என் நம்பரை எடுத்துவிடுங்கள்."

எங்கள் ஷீட்டைப் பார்த்து ரங்கூனிலிருந்தும் பாங்காக்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நல்ல மனசுக்காரர்கள் விடாமல் அழைத்திருக்கிறார்கள். எடுத்தாச்சா, உயிரோடு இருக்கிறாரா, பணம் அனுப்பட்டுமா. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியே அவர் ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மண்ணள்ளும் இயந்திரத்தோடு வருவதாகச் சொன்னவர் அந்த எண்ணை மட்டும்தான் வைத்திருந்தார். அழைத்துப் பார்த்துக் கிடைக்காமல் வேறு தெருவுக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணை மறுநாள்தான் வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை. ஒரு நாள் முன்னால் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த ராத்திரியே ஷீட்டை மூடினோம். பொதுவில் தெரிவது தெருச் சந்திப்பும் நிலவரமும் மட்டும். எண்கள் இரண்டு பேர் கையில். ஓர் எண்ணுக்கு ஒரே ஓர் அழைப்பாளர். அவரும் முதலில் குறுந்தகவல்தான் அனுப்ப வேண்டும், அழைத்தால் ஒரு நிமிடத்தில் முடிக்க வேண்டும். இடிபாட்டுக்கு வெளியே நிற்பவரின் பேட்டரியும் ஒரு மீட்புக் கருவிதான். அதைச் செலவழிக்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகளிடம் இதைச் சொல்லி அழுதேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவள் இதே வேலையைச் செய்தவள். "அக்கா, ஒவ்வொரு வரிக்கும் எப்போ முடிஞ்சதுன்னு ஒரு கட்டம் போடு. எங்களுக்கு அது இல்லாம, ஆளைக் கூட்டிட்டு வந்து ரெண்டு நாள் கழிச்சும் அந்த வீட்டுக்குப் படகு போச்சு" என்றாள்.

நான் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு இருக்க வேண்டும். எதிர்ப்பதிவு இல்லாத வரி கணக்கே இல்லை. நாங்கள் மூன்று நாளாகக் கூக்குரலை மட்டும் எழுதிக்கொண்டிருந்தோம். யார் போனார், எப்போது போனார், என்ன கண்டார் என்ற மறுபக்கம் காலியாக இருந்தது. உதவி கேட்டுப் போடும் பதிவு தானாகச் சாகாது. போட்டவர் நிம்மதியாகத் தூங்கினாலும், துக்கத்தில் கிடந்தாலும், அது பகிரப்பட்டுக்கொண்டே இருக்கும். அதன் பின்னால் வண்டியும் டீசலும் ஆட்களும் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் ஷீட்டில் நின்ற கட்டங்கள் இவைதான்: எண், தெருச் சந்திப்பு, என்ன தேவை, முதலில் பதிந்த நேரம், கடைசியாக யாரிடம் பேசி உறுதி செய்தோம் என்ற நேரம், யார் பொறுப்பு, எப்படி முடிந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உறுதி செய்யாத வரி சாம்பல் நிறமாகிவிடும். அதை எந்தக் குழுவுக்கும் அனுப்ப மாட்டோம். இரவு பத்து மணிக்கு ஒரு முறை, கடையில் கல்லாப்பெட்டி எண்ணுவது போல, திறந்திருக்கும் வரிகளை உரக்கப் படிப்போம். இதில் புதுத் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஆனால் பரஹிதக் குழு ஆட்கள் எங்களை நம்ப ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். "உங்கள் வரியை நம்பிப் போனால் அங்கே ஆள் இருக்கிறார்" என்று ஓர் ஓட்டுநர் சொன்னார்.

பொய்யும் நிறைய வந்தது. செயற்கை நுண்ணறிவில் செய்த இடிபாட்டுக் காணொளிகள், வேறு நாட்டுப் பழைய படங்கள். உண்மையா என்று படத்தை உற்றுப் பார்ப்பதில் நேரத்தைக் கழிக்கவில்லை. எதிரே என்ன கடை என்று மட்டும் கேட்போம். உண்மையானவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார். கஷ்டத்தில் இருப்பவரிடம் புகைப்பட ஆதாரம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை, யாரையும் கேட்க விடவும் இல்லை. ஏப்ரல் 21இல் இன்னொரு பெரிய நிலநடுக்கம் வரும் என்று ஒரு ஜோதிடர் டிக்டாக்கில் சொல்லி, லட்சக்கணக்கான பேர் பார்த்து, ரங்கூனிலேயே மக்கள் வீட்டுக்குள் படுக்கப் பயந்தார்கள். அதற்கு எதிராக எங்களால் முடிந்தது, நிலநடுக்கத்தை நாளும் நேரமும் சொல்லி யாராலும் முன்கூட்டிக் கூற முடியாது என்று தெரிந்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும்தான்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது போர் நடக்கும் நாடு. சாலைச் சோதனையில் கைப்பேசியை வாங்கிப் பார்ப்பது உண்டு. 2024இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இளைஞர்கள் பயணம் போகவே தயங்குகிறார்கள். மீட்க ஓடிய பையன்களும் அதே வயதுதான். ஆகவே களத்தில் போகிறவர் ஃபோனில் ஷீட் இருக்கக் கூடாது. அன்றைய முகவரிகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். முடிந்த வரிகளில் பெயரையும் எண்ணையும் ஒரு வாரத்தில் அழித்தோம். உயிரைக் காப்பாற்றச் சேர்த்த பட்டியல், தவறான கையில் வேறு பட்டியல் ஆகிவிடும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஷீட்டில் இல்லாத வரிகள்.

ஐந்தாம் நாள் என்று நினைக்கிறேன். அண்ணன் மகன் வரிகளை ஊர்வாரியாகக் கூட்டிக் காட்டினான். மாண்டலே நகரம் நிரம்பி வழிந்தது. வெள்ளித் தொழுகை நேரத்தில் இடிந்த பள்ளிவாசல்களைப் பற்றி உறவினர்கள் போட்ட படங்களே பக்கம் பக்கமாக இருந்தன. அது ரமலான் மாதம், உள்ளே கூட்டம். ஸ்கை வில்லா என்ற அடுக்குமாடிக் கட்டடத்தைப் பற்றி உலகமே பேசியது. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சகாயிங்குக்கு விரல்விட்டு எண்ணும் வரிகள். சகாயிங்தான் நிலநடுக்க மையத்துக்கு மிகப் பக்கம். நிலம் பிளந்த கோடு நானூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தலைநகர் நேப்பிடோவையும் தாண்டி ஓடியிருக்கிறது. அந்தக் கோட்டில் இருக்கும் கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

ஷீட்டைப் பார்த்தால் அங்கே சேதமில்லை என்று தோன்றும். அங்கே சிக்னல் இல்லை, அவ்வளவுதான். சகாயிங்கின் பல பகுதிகளில் போரால் முன்பே இணையம் வெட்டப்பட்டிருந்தது. நாங்கள் இத்தனை நாளாக வரைந்துகொண்டிருந்தது சேதத்தின் வரைபடம் என்று நினைத்தோம். அது சார்ஜும் சிக்னலும் விபிஎன்னும் உள்ளவர்களின் வரைபடம்.

சரி, சத்தம் வராத ஊர்களை எப்படிக் கேட்பது? கிராமப் பெயர்களின் முழுப் பட்டியல் கிடைத்தது. மியான்மர் தகவல் மேலாண்மைப் பிரிவு ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து வெளியிட்டிருக்கிறது. ஒரே பெயரில் பல கிராமங்கள் இருக்கும் இந்த நாட்டில் அந்தக் குறியீடு இல்லாமல் ஒன்றும் நடக்காது. பட்டியலை எங்கள் ஷீட்டோடு ஒப்பிட்டு, ஒரு செய்தியும் வராத ஊர்களைத் தனியாக எடுத்தோம். அவற்றில் யாரை அழைப்பது என்று தெரியவில்லை.

அப்போது என் பழைய மாணவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். பருப்புத் தரகர். பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு உளுந்தும் துவரையும் கப்பல் கப்பலாகப் போகிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்து இங்கே விளைந்தது. துவரை அதிகம் சகாயிங், மாண்டலே, மக்வே பக்கத்து வறண்ட நிலத்தில் விளைகிறது. மூட்டை எடுக்கத் தரகரின் ஆட்கள் கிராமம் கிராமமாகப் போவார்கள். எந்த ஊரில் யார் வீட்டில் எடைத்தராசு இருக்கிறது, எந்த வண்டிப் பாதை மழைக்குத் தாங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அவரிடம் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் ஊர். ஊருக்குக் கீழே மூட்டைக் கணக்கு, எடையாளர் பெயர், வண்டிக்காரர் எண். "சிக்னல் இல்லாத ஊருக்கு வண்டிக்காரரைத்தான் கேட்கணும் சயாமா. அவர் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் சொல்லுவார்" என்றார்.

அப்படித்தான் சொன்னார்கள். ஆவா பாலம் போய்விட்டதால் ஆற்றைக் கடக்கும் போக்குவரத்து எல்லாம் புதிய யடனாபொன் பாலத்தில் நெரிந்துகொண்டிருந்தது. மாண்டலே பக்கம் வந்து சேர்ந்ததும் வண்டிக்காரர்கள் டெலிகிராமில் குரல்பதிவு அனுப்பினார்கள். பின்னால் எஞ்சின் இரைச்சல். இந்த ஊரில் கிணறு தூர்ந்துவிட்டது, அந்த ஊரில் மடாலயம் விழுந்து பிள்ளைகள் மரத்தடியில், இன்னொரு ஊரில் ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார்கள். கடைசியில் சொன்னதும் எங்களுக்கு மதிப்புள்ள செய்திதான். 'ஒன்றுமில்லை' என்று கேட்டறிந்து எழுதிய வரி வேறு, காலி வரி வேறு. மாண்டலேக் குழுக்களில் ஒன்று தன் இரண்டு வண்டிகளில் ஒன்றை அந்தக் குரல்பதிவுகளை வைத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருப்பியது. தண்ணீர்ப் பீப்பாய், தார்ப்பாய், கொசுவலை. நாற்பது டிகிரி வெயிலில் அந்த ஊர்க்காரர்களிடம் அதுவரை யாரும் வந்திருக்கவில்லை.

சமூக ஊடகத் தரவு என்று பெரிய வார்த்தையில் பேசுபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் பட்டியலில் எந்த ஊர் இல்லை? அந்த ஊருக்கு வழக்கமாகப் போய்வருபவர் யார்? பால்காரரா, மீன் வண்டியா, மருந்து விற்பனையாளரா? அவர் எண் உங்களிடம் இருக்கிறதா?

அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 3,700க்கு மேல். எங்கள் ஷீட்டால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் எண் இல்லை. இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுத்தவர்களில் பெரும்பாலோரை எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்கள், வெறுங்கையால், எங்கள் ஷீட் திறப்பதற்கு முன்பே. எங்களால் ஆனது அதற்குப் பின்னால் வந்த தண்ணீரும் நிழலும் மருந்தும் சரியான வாசலுக்குப் போனதுதான்.

ஏப்ரலில் தமிழ்ப் புத்தாண்டும் பர்மியப் புத்தாண்டான திஞ்சானும் ஒன்றாக வந்தன. இரண்டையும் நாங்கள் கொண்டாடவில்லை. அந்த வாரம்தான் தரகரின் நோட்டைப் பார்த்து ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தோம்: கிராமக் குறியீடு, அந்த ஊருக்குப் போகும் வண்டிக்காரர், எடையாளர், மடாலயத்துச் சாயாடோ என்ற தலைமைத் துறவி, எண் கடைசியாக வேலை செய்த தேதி. இப்போது என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் பயிற்சிக் கணக்கு. மாதம் ஒரு முறை ஆளுக்குப் பத்து எண்ணாகப் பிரித்து அழைத்து, தேதியைப் புதுப்பிக்கிறார்கள். பத்தில் இரண்டு மூன்று எண் மாறிப்போயிருக்கும். இன்னும் காலியாக இருக்கும் ஊர்கள் நிறைய. துவரை அறுவடை முடிந்து வண்டிகள் கிளம்பும்போது அவற்றைக் கேட்டு வாங்கித் தருவதாகத் தரகர் சொல்லியிருக்கிறார்.